கந்தோரை மெலிய வைக்க டென்மார்க் போனேன்

எங்கள் கந்தோர் கொழுத்துப்போய்விட்டது என்று டென்மார்க்கில் யாரோ கண்டுபிடித்தார்கள்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொல்லிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொழும்பில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு பகிர்ந்தார்கள். வவுனியாவில் எங்களுக்கு வேலை கூடியது. பிரிந்துபோன குடும்பங்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் கந்தோரில் நான் மேற்பார்வையாளர். சனம் எல்லாம் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நலன்புரி நிலையம். தேடுகிறவர்களின் விண்ணப்பங்கள் எங்கள் மேசையில் ஏறி, கதிரைக்கு இறங்கி, நிலத்தில் படுத்து, வாசற்படி வரைக்கும் வந்துவிட்டன. அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பணம் தருகிற டெனிஷ்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். உங்களுக்குத் தேவை ஆட்களும் அல்ல, வாகனமும் அல்ல, லீன்.

லீன் என்றால் மெலிவு. யப்பானில் கார் செய்யும் தொழிற்சாலையில் பிறந்த வித்தை. வேலையில் வீணானதை எல்லாம் வெட்டி எறிந்தால் மிச்சம் தானாக ஓடும் என்பது தத்துவம். முதலில் தொழிற்சாலைகள் மெலிந்தன, பிறகு ஆஸ்பத்திரிகள் மெலிந்தன, இப்போது கந்தோர்கள். சில்க்போர்க் என்ற ஊரில் ஏற்கெனவே மெலிந்து முடிந்த கந்தோர் ஒன்றில் ஒரு கிழமை நின்று பார்த்து, திரும்பி வந்து எங்களையும் மெலிய வைக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் நிறுவனம் யோசித்து யோசித்து, காற்சட்டைக்குப் பட்டி தேவைப்படாத வயிறு கொண்ட என்னை அனுப்பிவைத்தது.

பயம் என் குலதெய்வம். அதைக் கும்பிடாமல் நான் படலை தாண்டுவதில்லை. ஆகவே விமானத்தில் நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். அது எனக்கும் என் பக்கத்து ஆசனத்தில் இருந்த நோர்வேக்காரருக்கும் இடையிலான விஷயம்.

டெனிஷ் றெயிலில் அமைதிப் பெட்டி என்று ஒன்று உண்டு. அதற்குள் கதைக்கக்கூடாது. அது தெரியாமல் அங்கேதான் ஏறி இருந்தேன். எதிரே இருந்த அம்மாவிடம் "சில்க்போர்க்?" என்று கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து, யன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். படத்திலும் ஒருவர் உதட்டில் விரல் வைத்திருந்தார். சரி, சில்க்போர்க் என்பது இங்கே சத்தமாகச் சொல்லக்கூடாத பெயர் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நடுவழியில் றெயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஒரு திசைக்கும் மறுபாதி இன்னொரு திசைக்கும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் நாட்டிலும் றெயில் பிரிந்திருக்கிறது. ஆனால் நேர அட்டவணையில் போட்டுப் பிரிந்ததில்லை.

என் பாதி என்னைக் கோல்டிங் என்ற ஊரில் இறக்கிவிட்டது. அழகான ஊராம். நான் பார்த்தது ஒரு வாங்கையும் ஒரு குப்பைத் தொட்டியையும். பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தும் ஒருவர்கூட அடையாள அட்டை கேட்கவில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கோ பெரிய சோதனைச்சாவடி ஒன்று ஒளிந்திருக்கிறது, எல்லாவற்றையும் அங்கே மொத்தமாகக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

தமிழனுக்கு ஆபத்து வந்தால் தூதரகம் தேவையில்லை, சிநேகிதனின் மச்சானின் ரெலிபோன் இலக்கம் போதும். அப்படி ஒரு இலக்கம் என்னிடம் இருந்தது. இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்கும் மோகன். முகம் தெரியாத மனிதர், "அந்த வாங்கிலையே இருங்கோ அண்ணை, அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு வந்தார். அசைகிற எண்ணம் எனக்கும் இருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் எரித்துக்கொண்டிருந்தது. மோகன் காரை ஓட்டிக்கொண்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வானொலியை நிறுத்தினார். கொஞ்சத் தூரம் போனபின் சொன்னார்:

"அண்ணை, வீட்டிலை அதைச் சொல்லாதேங்கோ. சொல்லுறதெண்டாலும் சாப்பிட்டாப் பிறகு சொல்லுங்கோ."

மோகனின் மனைவி சுகிர்தா இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் வைத்திருந்தார். முதல் இடியப்பத்தில் கை வைக்கும்போதே கேட்டுவிட்டார், வவுனியாவில் எங்கே வேலை என்று. பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். ஆனால் பயத்தில் இருக்கும்போது உண்மைதான் முந்துகிறது.

சுகிர்தா கரண்டியை வைத்தார். "அப்ப எங்கடை விண்ணப்பம் உங்கடை கந்தோரிலைதான் கிடக்கு."

அவருடைய அக்கா சாரதா, புதுக்குடியிருப்பில் இருந்தவர். கணவர், மகன், மகள். வருடம் பிறந்த பிறகு நாலு பேரிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. உயிரோடு முகாமுக்கு வந்தார்களா, வழியிலேயே போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. விண்ணப்பம் போட்டு மாதக்கணக்காகிறது.

"அது நடவடிக்கையிலை கிடக்கு தங்கச்சி" என்றேன். எங்கள் கந்தோரின் தேசிய கீதம் அது.

"அப்பிடியெண்டால்?"

"பரிசீலனையிலை."

"பரிசீலனை எண்டால் ஆராவது தேடிப் போறவையோ, இல்லை அது ஒரு மேசையிலை இருக்குதோ?"

நான் பதிலை யோசிக்க யோசிக்க, அவர் என் சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பத்தை வைத்துக்கொண்டே இருந்தார். கோபத்தில் வைக்கிறாரா உபசாரத்தில் வைக்கிறாரா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியமும் இல்லை. மெலிவு கற்க வந்தவனின் முதல் நாள் இப்படி முடிந்தது.

திங்கட்கிழமை சில்க்போர்க் கந்தோருக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். பிந்தி வந்தால் என்ன தண்டனை என்று கியர்ஸ்டனிடம் கேட்டேன். என்னைப் பயிற்றுவிக்கப் போகிறவர் அவர்தான். நெட்டையான, வெள்ளை முடிக்காரி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்:

"பிந்தி வருகிறவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும்."

இந்தச் சட்டம் எங்கள் கந்தோருக்கு வந்தால் வவுனியா முழுவதும் நீரிழிவில் படுத்துவிடும்.

அங்கே கூட்டம் என்றால் நின்றுகொண்டுதான். கதிரை கிடையாது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மூன்று கட்டங்கள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலையும் ஒரு மஞ்சள் துண்டு. துண்டு இடமிருந்து வலம் நகர வேண்டும். நகராவிட்டால் எல்லோரும் சேர்ந்து அதையே பார்ப்பார்கள். திட்டமாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஒரு குற்றப்பத்திரிகை எவ்வளவோ மேல்.

பலகையின் ஓரத்தில் காந்தத்தில் செய்த முகங்கள். காலையில் வந்ததும் உன் மனநிலை எப்படியோ அந்த நிறத்தில் ஒன்றை உன் பெயருக்கு நேரே ஒட்ட வேண்டும். நான் பயத்தில் பச்சையை ஒட்டினேன். யென்ஸ் என்ற தாடிக்காரர் சிவப்பை ஒட்டினார். உடனே எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவருடைய நாய்க்கு வயிறு சரியில்லையாம். ஒரு நிமிடம் கந்தோர் முழுவதும் அந்த வயிற்றுக்காக வருந்தியது. எங்கள் ஊரில் இப்படிப் பலகை வைத்தால் சிவப்பு முகம் முதல் நாளே கடையில் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். பச்சை முகம் பழுதாகாமல் பெட்டியில் இருந்திருக்கும்.

மத்தியானம் கறுப்புப் பாண். மரப்பலகையால் செய்து, மேலே ஈரல் பூசி, அதற்கு மேல் வெள்ளரிக்காய் ஊறுகாய் வைத்தது போல இருந்தது. யென்ஸ் அதைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிட்டார். பாணுக்குக் கத்தி எடுக்கிற இனத்தோடு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சிவப்புத் துண்டு. ஆளுக்கு ஒரு கட்டுத் துண்டு தந்து, கந்தோரில் தேவையில்லாத பொருள் எதைக் கண்டாலும் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினால் அது குப்பைக்கோ வேறிடத்துக்கோ போய்விடும். எங்கள் கந்தோரில் கால் உடைந்த கதிரை ஒன்று விறாந்தையில் இருக்கிறது. அதை எறிய வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழு வந்து, கதிரை உடைந்திருக்கிறது என்று கண்ணால் கண்டு, ஒப்பமிட்டு, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். குழுவில் ஒருவர் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். ஆகவே கதிரை இன்னும் சேவையில் இருக்கிறது. இங்கே பத்து நிமிடத்தில் அரைக் கந்தோர் சிவப்பாகிவிட்டது. நான் ஒரே இடத்தில் நிற்கப் பயந்து நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் எனக்கும் ஒன்றை ஒட்டிவிடுவார்கள்.

அன்று பின்னேரம் ஏரிக்கரையில் காலாற நடந்தேன். ஒரு கோப்பிக்கடை வாசலில் குழந்தை வண்டில் ஒன்று தனியே நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பை தனியே கிடந்தாலே தெரு காலியாகிவிடும். என் கால்கள் என்னைக் கேளாமலே பத்து அடி பின்னுக்குப் போயின. பிறகு வண்டிலுக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது. எட்டிப் பார்த்தேன், உண்மையான குழந்தை. உடனே அடுத்த பயம் வந்தது. யாராவது தூக்கிக்கொண்டு போனால்? காவலுக்கு நின்றேன். உள்ளே இருந்து ஒரு பெண் வந்து, குழந்தைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கும் ஒரு கறுத்த, பருத்த, வியர்த்த மனிதனைக் கண்டார்.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

"உங்கள் குழந்தை வெளியே இருக்கிறது" என்றேன்.

"ஆம், தூங்குகிறது. வெளிக்காற்று நல்லது" என்றார்.

பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கோப்பி குடிக்கக்கூடிய தேசம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. நாங்கள் அந்த நேரத்தில் பிள்ளைகளை எங்கே விட்டோம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு வரிசை இலக்கம் போட்டுக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை என் முறை. என் கந்தோரில் ஒரு விண்ணப்பம் உள்ளே வந்து முடியும் வரைக்கும் எந்தெந்த மேசைக்குப் போகிறது என்று, துண்டு துண்டாகச் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற விண்ணப்பத்துக்கு மஞ்சள் துண்டு, முகாமுக்குள்ளிருந்து வருவதற்கு நீலத் துண்டு. சுகிர்தாவின் விண்ணப்பத்தை மனதில் வைத்துக்கொண்டே மஞ்சளை ஒட்டத் தொடங்கினேன். பதிவு. மொழிபெயர்ப்பு. என் ஒப்பம். வெளிநாட்டு மேசை. திரும்பவும் என் ஒப்பம். முகாம் அதிகாரிக்குக் கடிதம். காத்திருப்பு. நினைவூட்டல் கடிதம். காத்திருப்பு. சுவர் முடிந்துவிட்டது. கதவைத் தாண்டி நடைபாதையில் ஒட்டினேன். அதற்குக் கீழே நீல வரிசை. பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இவ்வளவு வேலை செய்கிறோமா என்று எனக்கே ஒரு பெருமை வந்தது.

லீன்காரர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. எதற்கும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்பார்கள். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் அகப்படுமாம். கியர்ஸ்டன் ஒரு 'காத்திருப்பு'த் துண்டில் விரலை வைத்தார்.

"இங்கே ஏன் காத்திருக்கிறது?"

"முகாமிலிருந்து பதில் வர வேண்டும்."

"ஏன் நீங்களே உள்ளே போய்க் கேட்கவில்லை?"

"அனுமதி வேண்டும். கிழமையில் ஒரு நாள், ஒரு ஆளுக்குத்தான் தருவார்கள்."

"ஏன் ஒரு ஆளுக்கு மட்டும்?"

"இராணுவம் அப்படித்தான் தருகிறது."

"யுத்தம் முடிந்துவிட்டதல்லவா? பிறகு ஏன் இராணுவம்?"

"இது நாலாவது ஏனா, ஐந்தாவதா?" என்று கேட்டேன்.

"நாலாவது."

"ஐந்தாவதைக் கேட்காதீர்கள். நான் திரும்பிப் போக வேண்டும்."

கியர்ஸ்டன் என்னைப் பார்த்தார். விரலை எடுத்தார். எல்லோரும் தங்கள் கோப்பியைப் பார்த்தார்கள்.

யென்ஸ் மட்டும் சுவருக்குக் கிட்ட வந்தார். மஞ்சள் வரிசையையும் அதற்குக் கீழே ஓடிய நீல வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைத் தேடுகிறார். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைத் தேடுகிறார். இந்த இரண்டு கோடும் எங்கே சந்திக்கின்றன?"

"வருடாந்த அறிக்கையில்" என்றேன்.

நான் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

எங்கள் கந்தோரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மேசைக்குக் கனகசபை ஐயா. உள்நாட்டு மேசைக்குப் பிலோமினா மிஸ். கிழமையில் ஒரு நாள் முகாமுக்குள் போகிறவர் அவர்தான். இரண்டு மேசைக்கும் இடையில் ஒரு மின்விசிறி. அது இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் காற்றடிக்கும் இனம். ஒரு சித்திரை வெக்கையில் ஐயா அதன் கழுத்தைத் திரும்பாமல் முறுக்கிவிட்டார், தன் பக்கம் பார்க்க. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஐயாவுக்கு மிஸ்ஸிடமிருந்து ஒன்று தேவையென்றால் எனக்கு எழுதுவார். நான் ஒப்பமிட்டு மிஸ்ஸுக்கு அனுப்புவேன். மிஸ் பதிலை எனக்கு எழுதுவார். ஒருவரும் சண்டை பிடிக்காத ஒழுக்கமான கந்தோர் என்று மேலிடத்தில் எங்களுக்கு நல்ல பெயர். இந்த வரலாற்றை எந்த நிறத் துண்டில் எழுதுவது என்று தெரியாததால் நான் சுவரில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை காலை, பச்சை முகமும் ஒட்டாமல் சிவப்பு முகமும் ஒட்டாமல், கியர்ஸ்டனிடம் போய் ஒரு ரெலிபோன் கேட்டேன். பலகைக்கு முன்னால் ஒரு ஸ்பீக்கர் போன் வைத்தார்கள். அந்தக் கந்தோரின் நின்ற கூட்டம் அப்படியே நின்றது, கையில் கோப்பியோடு. வவுனியாவில் மத்தியானம். இரண்டு பேரையும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னேன்.

"ஹலோ சேர், பிலோமினா கதைக்கிறன். அவரும் நிக்கிறார்."

"ஐயா, கேக்குதோ?"

"கேக்குது. அவவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, எனக்கு ரெலிபோன் தெரியேல்லை."

"ரெலிபோனைப் பாக்கத் தேவையில்லை ஐயா, கேட்டால் போதும். டென்மார்க்கிலை இருந்து வந்த விண்ணப்பங்களை எடுத்துச் சத்தமாய் வாசியுங்கோ. மிஸ், நீங்கள் கேட்டுக்கொண்டு நில்லுங்கோ."

"சேர், இதை எழுத்திலை தந்தால் நல்லது" என்றார் ஐயா.

"நான் எழுத்திலை தந்ததெல்லாம்தான் அங்கை நிலம் முழுக்கக் கிடக்கு. வாசியுங்கோ."

ஐயா வாசித்தார். அவருக்குக் கோயில் கட்டியம் சொல்கிற குரல். ஒரு பெயர், இரண்டு பெயர். மிஸ் ஒவ்வொன்றுக்கும் "தெரியாது" என்றார். இங்கே டெனிஷ்காரர்கள் ஒரு சொல்லும் விளங்காமல், பிரேதத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல மரியாதையாக நின்றார்கள்.

"தேடப்படுபவர், சாரதா யோகராசா, புதுக்குடியிருப்பு. கணவர் யோகராசா, மகன் நிரோஜன், மகள் வாணி. தேடுபவர், தங்கை, சுகிர்தா மோகன், இக்காஸ்ட்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஐயா" என்றார் பிலோமினா மிஸ். "திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

மின்விசிறிக்குப் பிறகு அவர் ஐயாவோடு நேரே பேசிய முதல் வசனம் அது. ஐயா நிலைகுலைந்து, பெயரை விட்டுவிட்டு விலாசத்தை வாசித்தார். பிறகு பெயரை வாசித்தார்.

"இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்றார் மிஸ். "போன மாதம் முகாமிலை நான்தான் எழுதி எடுத்தனான். தங்கச்சி சுகிர்தாவைத் தேடுறா. டென்மார்க் எண்டதைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது எண்டவ. ரெலிபோன் இலக்கம் எழுதின பை கடலேரி கடக்கேக்கை துலைஞ்சு போச்சுதாம்."

"அந்த விண்ணப்பம் எங்கை கிடந்தது?" என்றார் ஐயா.

"உங்கடை கதிரைக்குப் பின்னாலை."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பயம் அல்ல, அது எனக்குப் பழக்கமான ஆள். இது வேறு யாரோ. யென்ஸ் ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் வைத்தார், நின்ற கூட்டத்தின் சட்டத்தை மீறி.

"மிஸ், எத்தனை பேர் எண்டு போட்டிருக்கு?"

கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"தானும் மகளும் சேர்."

"மற்ற ரெண்டு பேர்?"

"அவ சொல்லேல்லை. நான் கேக்கேல்லை. அங்கை அப்பிடிக் கேக்கிறதில்லை."

போனை வைத்ததும் கியர்ஸ்டன் மெல்லக் கேட்டார், அது சண்டையா என்று. இல்லை, கூட்டம் என்றேன்.

அன்று பின்னேரம் மோகனிடம் சொன்னேன். நாலில் இரண்டு என்பதைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். மோகன், "நான் சொன்னால் அழுவன் அண்ணை. நாளைக்கு நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றார். வெள்ளிக்கிழமை பிலோமினா மிஸ் முகாமுக்குள் போகிற நாள். ரெலிபோன் உள்ளே கொண்டுபோகக்கூடாது. அக்காவைப் பேசவைக்க மிஸ் ஒன்றைக் கொண்டுபோகிறேன் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களுக்கு ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை விடியவே இக்காஸ்ட் போனேன். சுகிர்தா வேலைசெய்யும் தொழிற்சாலை ஊருக்கு வெளியே. பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமாம். நான் நல்ல பிள்ளையாக எழுந்து நின்றேன். தொழிற்சாலை யன்னலுக்கு வெளியே வந்தது, போனது. சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. "இறக்கம்! இறக்கம்!" என்று கத்தினேன், வவுனியா பஸ் நிலையத்துக்கே கேட்டிருக்கும். பஸ் நின்றது. அந்தச் சாரதிக்கு வாழ்நாளில் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் இனி அதுதான்.

ஓடினேன். நான் ஓடுவதைப் பார்க்க ஒரு சைக்கிள்காரி இறங்கி நின்றாள்.

சுகிர்தா வேலை உடுப்போடு கார்த் தரிப்பிடத்தில் மோகனுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பஸ்ஸில் ஒரு உரை தயாரித்திருந்தேன், முன்னுரை, விளக்கம், ஆறுதல் என்று. மூச்சு வாங்கியதில் முன்னுரை போய்விட்டது.

"அக்கா இருக்கிறா" என்றேன். "வாணியும் இருக்கிறா. ரெண்டு பேர்தான் எழுதியிருக்கு தங்கச்சி."

சுகிர்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இருக்கிறா எண்டால், ஆரோ கண்டவையோ, இல்லைக் கடதாசியிலை இருக்கிறாவோ?"

"பிலோமினா மிஸ் கண்டவ. கண்ணாலை கண்டவ."

அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டி வரவில்லை. மோகனின் கையிலிருந்த போன் அடித்தது. எங்கள் கந்தோரில் ஒரு காரியம் சொன்ன நேரத்துக்கு நடந்தது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

சுகிர்தா போனைக் காதில் வைத்து "அக்கா" என்றார். நான் நாகரிகமாக விலகி நின்றேன், ஆனால் கேட்கக்கூடிய தூரத்தில். முகாமில் இருக்கிறவர்கள் எல்லோரையும் போல அக்காவும் ஊரெல்லாம் கேட்கக் கதைத்தார். முதலில் அவர் தங்கையைத்தான் ஏசினார், ஏன் குரல் இப்படி அடைத்திருக்கிறது, பனிக்குள் தொப்பி போடாமல் திரிகிறாயா என்று. டென்மார்க்கில் அப்போது ஆடி மாத வெயில். சுகிர்தா "ஓம் அக்கா, ஓம்" என்றார். வாணி கதைத்தாள். வாணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். தலைமயிர் வெட்டிவிட்டார்களாம், பேன்.

பிறகு சுகிர்தா கேட்டார்: "அக்கா, அத்தான்? நிரோ?"

மற்றப் பக்கத்தில் சத்தம் சின்னதாகிவிட்டது. எனக்குக் கேட்கவில்லை. சுகிர்தா மட்டும் தலையை ஆட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்து. மோகன் தரிப்பிடத்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் நின்றபின், அக்கா என்ன சொன்னா என்று மோகன் கேட்டார்.

"பிறகு கதைப்பம் எண்டவ" என்றார் சுகிர்தா. முகத்தை வேலை உடுப்பின் கையால் துடைத்தார். "அண்ணை, வெள்ளென வந்திருப்பியள். ஏதும் குடிச்சனீங்களோ?"

சில்க்போர்க் திரும்பியபோது கந்தோர் வீட்டுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையில் அவர்கள் மத்தியானத்தோடேயே மெலிந்துவிடுவார்கள். பிந்தி வந்த குற்றத்துக்காக வழியில் வாங்கிய கேக்கை வைத்தேன். யாரும் தொடவில்லை, எனக்காகக் காத்து நின்றார்கள். பலகையில் ஒரு புது மஞ்சள் துண்டு. கியர்ஸ்டன் அதில் தன் கையால், எழுத்துக் கூட்டி, சாரதா என்று எழுதி நடுக்கட்டத்தில் வைத்திருந்தார்.

"நீங்களே நகர்த்துங்கள்" என்றார். துண்டை முடிந்தவை என்ற கட்டத்துக்குக் கொண்டுபோவது ஒரு மரியாதை. எல்லோரும் கைதட்டுவார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் கைகளைத் தயாராக வைத்திருந்தார்கள்.

துண்டை உரித்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்காவும் மகளும் கிடைத்துவிட்டார்கள்" என்றேன். "மகனும் கணவரும் இல்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை."

கைகள் கீழே இறங்கின. கியர்ஸ்டன் மூன்று கட்டங்களையும் பார்த்தார். அதில் எதிலாவது ஒன்றில் இது பொருந்த வேண்டும் என்றுதான் அவருக்குப் படிப்பித்திருந்தார்கள். எனக்கும் அந்தக் கிழமை முழுவதும் அதைத்தான் படிப்பித்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

யென்ஸ் பேனையை எடுத்து, மூன்றாவது கட்டத்துக்கு அப்பால், பலகையின் வெறும் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். "தலைப்பு என்ன போடுவது?" என்று என்னிடம் பேனையை நீட்டினார்.

எனக்கு ஆங்கிலத்திலும் சொல் வரவில்லை. தமிழிலேயே எழுதினேன்: பிறகு கதைப்பம். துண்டை அதன் கீழே ஒட்டினேன்.

"ஒரு கட்டத்தில் ஒரு துண்டு எவ்வளவு காலம் இருக்கலாம் என்று நாங்கள் எல்லை வைத்திருக்கிறோம்" என்றார் கியர்ஸ்டன், மன்னிப்புக் கேட்கிற குரலில். "இதற்கு என்ன வைப்பது?"

நான் கேக்கை வெட்டத் தொடங்கினேன்.

"எங்கள் கந்தோரில் இப்படி இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.

யென்ஸ் துணியை எடுத்து, தான் கீறிய கோட்டை அழித்துவிட்டு, மற்ற மூன்று கட்டங்களையும் நெருக்கிச் சின்னதாக்கி, அந்தக் கட்டத்தை அகலமாகக் கீறினார்.